வேட்டு மாமாவை அடக்கிய கொண்டைக்குருவி

கம்பம் பள்ளத்தாக்கிலேயே தகரம் தட்டாமல், வெறும் குரலாலேயே குருவி விரட்டிய ஒரே திராட்சைத் தோட்டக்காரர் எங்கள் வேட்டு மாமாதான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. சின்னமனூர்ப் பக்கம் அவர் தோட்டமும் என் தோட்டமும் ஒட்டி இருந்தன. அவர் ஒரு "ஏலே" போட்டால் என் பந்தல் குருவிகளும் சேர்ந்து பறக்கும். எனக்கு அது இலவச சேவை.

வீட்டிலும் அதே குரல்தான் வம்பு. காபியில் சர்க்கரை குறைந்ததற்கு, சம்பந்தி வீட்டார் முன்னாலேயே அவர் போட்ட சத்தத்தில் அத்தை கோபித்துக்கொண்டு பழனிசெட்டிபட்டி மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "அந்தக் குரல் என்னைக்குத் தணியுதோ, அன்னைக்கு வாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். இந்த ஜென்மத்தில் நடக்கிற காரியமா என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் பந்தலில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியது. பழத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி உண்டா? கலைக்கப் போனவரை, முட்டை மேல் உட்கார்ந்தபடி அது அசையாமல் பார்த்தது. மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் உட்கார்ந்தார். இலைகளுக்கு நடுவே பச்சையாக இறங்கும் வெயில், மேகமலைக் காற்று, தலைக்கு மேல் அந்தச் சின்னக் கொண்டை. தொண்டையைச் செருமக்கூட வாய்க்கால்வரை நடந்து போவார். இது தெரிந்து மற்ற குருவிகளெல்லாம் கூட்டமாக வந்து பழத்தைக் கொத்தின. நான் பதறிப்போனேன்.

"தின்னுட்டுப் போகட்டும்ப்பா. இங்கன உக்காந்தா மனசைக் கழுவிவிட்டாப்புல இருக்கு" என்றார், ரகசியம்போல.

குஞ்சு பொரித்த பிறகு ஒரு காலையில், அந்த ரகசியக் குரலிலேயே பந்தலடியிலிருந்து அத்தைக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். உடனே அத்தை என்னைக் கூப்பிட்டு அழுதார். "மாமாவுக்கு நெஞ்சுவலியாய்யா? மெதுவாப் பேசுறாக." குருவிக் கதையைச் சொன்னால் நம்புவாரா? மத்தியானத்துக்குள் பையோடு நேராகப் பந்தலடிக்கே வந்துவிட்டார்.

மாமா உதட்டில் விரலை வைத்து, பக்கத்தில் உட்காரச் சொன்னார். மேலே குஞ்சுகள் வாயைத் திறந்து காத்திருக்க, தாய் புழுவோடு வந்தது. இருவரும் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ இல்லாம எனக்கு முடியல, பேச்சி" என்றார் மாமா, காற்றோடு காற்றாக.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதையாவது கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்."

"குஞ்சு பயந்துரும்."

அத்தை சிரித்துவிட்டார். கையிலிருந்த பையை வீட்டுக்குள் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். சருகு சத்தம் போடாமல் இருக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அந்த இரண்டு பேரையும் யாரும் கலைத்துவிடக் கூடாதே என்று இருந்தது.