பதினாறு வெள்ளை

"சார், வண்டிக்குப் பல்லு கட்டப் போறீங்களா?"

கடைக்காரம்மா கேட்டதில் தப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கார் சாமான் விற்கும் கடை வாசலில் ஒரு மனிதர் தன் வெள்ளைக் காரின் பானெட்டின் மேல் குனிந்து, பதினாறு பற்கள் வரிசையாகச் செருகிய ஒரு பட்டையை அதன்மேல் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"கட்டலைம்மா, நிறம் பார்க்கறேன். நான் பல்லுக்கு உறை செய்யறவன்," என்றார் பல்லு சார். "உங்க கடை வெளிச்சத்துலயும் இது மூணாம் நம்பர் வெள்ளைதான். சுத்தமான மூணாம் நம்பர்."

"வெள்ளையில நம்பர் வேற இருக்கா?"

"பதினாறு இருக்கு."

தெருவில் எல்லோருக்கும் அவர் பல்லு சார்தான். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் முப்பது வருஷமாக வேலை. கெட்டுப்போன பல்லின் மேல் மாட்டும் வெள்ளை உறைதான் அவருடைய தனி வித்தை. மாட்டிய டாக்டரே ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எது பல், எது உறை என்று தடுமாறுவார். பல்லு சார் மட்டும் தடுமாற மாட்டார். பஸ்ஸில் எதிர் சீட்டில் யாராவது சிரித்தால் போதும், "மேல் வரிசை, இடது பக்கம் ரெண்டாவது. உறை" என்று மனைவியின் காதில் சொல்லிவிடுவார்.

அந்தக் கண்ணுக்குத்தான் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாராட்டு. பல் செய்பவர்களின் சங்கத்தில் கேடயம் தருகிறார்கள். அதில் என்ன பொறித்திருக்கிறது என்பது அவருக்கு இப்போதே மனப்பாடம்: 'ஏமாறாத கண்ணுக்கு.'

முப்பது வருஷம் சைக்கிள் மிதித்தவர் போன மாதம்தான் கார் வாங்கினார். பழைய கார்தான். ஆனால் சும்மா வாங்கிவிடவில்லை. பல் பட்டையும் கையுமாகப் போய் இருபத்து மூன்று வெள்ளைக் கார்களைப் பார்த்தார். "மஞ்சள்", "சாம்பல்", "சிகரெட் பிடிக்கிற ஆள்" என்று எல்லாவற்றையும் தள்ளினார். இருபத்து நான்காவது வண்டியின் முன்னால்தான் பட்டையைக் கீழே இறக்கினார். விற்றவர் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை நீட்டியபோது, பிரித்துக்கூடப் பார்க்காமல் மனைவியிடம் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டார். கண் இருக்கும்போது காகிதம் எதற்கு?

"வண்டி பளபளன்னு இருக்கப் பூசறதுக்கு மெழுகு வேணுமா, சீலன்ட் வேணுமா?" என்றார் கடைக்காரம்மா. "மெழுகு இதமா மினுங்கும், ரெண்டு மாசம் நிக்கும். சீலன்ட் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆறு மாசம் தாங்கும். வெள்ளைக்கு நான் சீலன்ட்டுதான் சொல்லுவேன். எதுக்கும் இருங்க, வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்துச் சொல்றேன்."

"நான்தான் பார்த்துட்டேனேம்மா!" பல்லு சாருக்குச் சிரிப்பு வந்தது. தன் வண்டியை இன்னொருவர் பார்த்துச் சொல்வதாவது! "மெழுகே குடுங்க. முப்பது வருஷமா மெழுகுலதான் பல்லைச் செதுக்கிப் பார்க்கறேன். நான் சொன்னா கேக்கும்."

வீட்டில் மனைவியோடு மச்சினனும் காத்திருந்தான். விழாவுக்கு அக்காவையும் மாமாவையும் அழைத்துப் போக வந்தவன். அச்சகத்தில் வேலை.

"எதைப் பூசினா என்ன மாமா? வெள்ளை வெள்ளைதானே? எங்க பேப்பர் மாதிரி."

பல்லு சார் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "மாப்ளே, உங்க அக்காவோட முன் பல்லுல ஒண்ணு நான் செஞ்ச உறை. எதுன்னு சொல்லு பார்ப்போம்."

அக்கா வாயைத் திறந்து காட்டினாள். மச்சினன் கிட்டே போய்ப் பார்த்தான், எட்ட நின்று பார்த்தான், ஒரு பல்லைக் காட்டினான்.

"அது என் சொந்தப் பல்லுடா!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பதினஞ்சு வருஷமா என் எதிர உக்காந்து சாப்பிடறான், தெரியலை பாருங்க!"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பல்லு சாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேடயம் கிடக்கட்டும், இதைவிடப் பெரிய பாராட்டு யார் தரப்போகிறார்கள்?

"என் கண்ணு ஒரு தடவை ஏமாந்துச்சுன்னு வை," என்றார், "நான் மேடை ஏற மாட்டேன். கேடயத்தை நீயே போய் வாங்கிக்க."

"அக்கா, நீதான் சாட்சி," என்றான் மச்சினன்.

பானெட்டில் பாதிக்கு மெழுகு பூசினார். பதினோரு மணி வெயிலில் பட்டையை வைத்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அஞ்சாம் நம்பர்! டீ குடிக்கிறவன் பல்லு!"

"எனக்கு வெள்ளையாத்தாங்க தெரியுது," என்றாள் மனைவி. ஈரத்துணியோடு வண்டியைச் சுற்றி வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "ஏங்க, பெட்ரோல் மூடிக்கு உள்ள பச்சையா இருக்கே? கதவு இடுக்குலயும் பச்சை."

"அது துரு பிடிக்காம இருக்க அடியில அடிக்கிற பூச்சு. எல்லா வண்டிக்கும் இருக்கும்," என்றார் நிமிராமலே. அவர் சொன்ன தோரணையில் மச்சினன்கூடத் தலையாட்டிவிட்டான்.

மெழுகை எடுக்கக் கூடத்தில் பல் துடைக்கும் ஸ்பிரிட்டைக் கொண்டுவந்து தேய்த்தார். மெழுகு போயிற்று. கூடவே பளபளப்பும் போயிற்று. பானெட்டில் பாதி, வெள்ளையடித்த சுவர் மாதிரி மங்கி நின்றது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்கு ஓடினார்.

"வண்டி எங்க சார்?"

"வெளியில கொண்டுவர்ற நிலைமையில இல்லம்மா. சீலன்ட் குடுங்க."

"அதுக்குத்தான் நான் ஒரு தடவை பார்க்கறேன்னு..."

"குடுங்கம்மா!"

சீலன்ட் பூசி முடித்தபோது மணி இரண்டு. அப்போதுதான் மச்சினன் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தான். "நிழலில் நாலு மணி நேரம் காயணுமாம் மாமா. விழா அஞ்சு மணிக்கு."

"நாலு மணி நேரமா? எங்க கூடத்துல எதையும் காயவைக்கறதில்ல மாப்ளே, சூடு காட்டுவோம். சூடு பட்டாத்தான் பல்லே பல்லாகும்."

மனைவியின் தலைமுடி காயவைக்கும் மெஷினை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து மாட்டினார். ஐந்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஆறாவது நிமிஷம் மச்சினன் குனிந்து பார்த்தான்.

"மாமா, வண்டிக்குக் கொப்புளம் வந்திருக்கு."

உண்மைதான். பானெட்டின் நடுவே ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு கொப்புளம். பல்லு சார் கட்டைவிரலால் அழுத்தினார். அது அங்கே அமுங்கி இங்கே எழுந்தது. மனைவி கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தினாள். அது ஓரத்துக்கு ஓடிப்போய் உள்ளங்கை அளவுக்கு உப்பி உட்கார்ந்துகொண்டது.

"இரும்புக்குக் கொப்புளம் வருமாங்க?" என்றாள் மனைவி.

"கலப்படம்! சீலன்ட்டுல கலப்படம்!" என்று கத்தினார் பல்லு சார்.

மணி நாலு. இனி பேச நேரமில்லை. விழாவுக்கென்று வைத்திருந்த முதல் நம்பர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பல் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். மனைவி பக்கத்தில், மச்சினன் பின்னால். கொப்புளம் எல்லோருக்கும் முன்னால்.

"மாமா, மேடையில கேடயத்தை எந்தக் கையால வாங்கணும்? தெரிஞ்சு வச்சிக்கலாம்னு கேட்டேன்."

"ஏன்டா அவரைப் போட்டு வாட்டறே?" என்று மனைவி தம்பியை அதட்டினாள். அவள் கை மட்டும் கணவரின் தோளில் இருந்தது.

பல்லு சாருடையது முப்பது வருஷப் பேர். மூவாயிரம் வாய் இருக்கும். ஒருவர்கூட உறையைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ஒரு டப்பா சீலன்ட் வந்து அதைக் கெடுப்பதா? கழுத்தை நிமிர்த்திக்கொண்டார்.

"எந்தக் கையாலயும் நீ வாங்க வேண்டாம் மாப்ளே. தப்பு சீலன்ட்டோடது. கண்ணு ஏமாறல. இது மூணாம் நம்பர் வெள்ளை, யார் வேணா வந்து பார்க்கட்டும்!"

விழாவுக்குப் போகும் வழியில் கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "என்னம்மா சாமான் விக்கறீங்க? இந்த வெள்ளைக்கு நான் இருபத்து நாலு வண்டி பார்த்தேன். இன்னைக்குச் சாயங்காலம் எனக்குப் பாராட்டு. எதுக்குத் தெரியுமா? நூறு பல்லு நடுவுல ஒரு உறை இருந்தாலும் எட்ட நின்னே சொல்லிடுவேன், அதுக்கு! அப்பேர்ப்பட்ட கண்ணு பொறுக்கின வண்டி இது. இப்ப பாருங்க!"

கடைக்காரம்மா முதல்முறையாகக் கடையை விட்டு இறங்கி வந்தார். கொப்புளத்தை விரலால் சுண்டினார். பெட்ரோல் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு பானெட்டைத் தூக்கி, அதன் விளிம்பில் நகத்தைக் கொடுத்து, கொஞ்சமே கொஞ்சம் நெம்பினார். மச்சினன் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க சார்," என்றார் கடைக்காரம்மா. "மெழுகும் வேணாம், சீலன்ட்டும் வேணாம். நீங்க பல்லுக்குப் போடற மாதிரியே யாரோ இந்த வண்டிக்கு வெள்ளை பிளாஸ்டிக் தாள்ல உறை போட்டிருக்காங்க, உள்ள இருக்கறது பச்சைக் கார்!"