நாலாவது பத்தி

கோர்ட்டு வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேசை போட்டிருக்கும் டைப்பிஸ்ட் அக்காவை அன்று காலை ஒரு வக்கீல் எச்சரித்துவிட்டுப் போனார். மனுவை அடித்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; யோசனை சொன்னால் அது உரிமம் இல்லாமல் வக்கீல் தொழில் பார்ப்பது, சட்டப்படி குற்றம் என்றார்.

அக்கா இருபத்திரண்டு வருடங்களாக மனு அடிக்கிறாள். "வீட்டுக்காரன் உயிரை வாங்குறான்" என்று வந்தவர் சொன்னால், "முன்னறிவிப்பின்றித் தொடர்ந்து இடையூறு செய்கிறார்" என்று விரல்களே மாற்றிவிடும். அவளைக் கேட்பதுகூட இல்லை.

அவள் கணவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் தெரிந்த வழியில் தீர்த்துவைத்தார். மறுநாள் மேசைமேல் பெரிய எழுத்தில் பலகை நின்றது: 'இங்கே சட்ட ஆலோசனை வழங்கப்படாது.'

கூட்டம் இரண்டு மடங்கானது. இங்கே அப்படி ஒன்று கிடைத்துவந்தது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பெரியவர் குனிந்து, ரகசியமாகக் கேட்டார்.

"இங்க குடுக்க மாட்டீங்க, சரி. வேற எங்க வந்தா குடுப்பீங்க?"

அக்கா பலகையை எடுத்து மேசைக்கடியில் தள்ளினாள். இனி யோசனையே கிடையாது, கேள்வி மட்டும்தான் என்று முடிவெடுத்தாள். கேள்வி கேட்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லையே.

அது யோசனையைவிட மோசமாகப் போயிற்று. தம்பிமேல் வழக்குப் போட்டிருந்த ஒருவரிடம், "பத்திரத்துல தம்பி கையெழுத்துப் போட்டப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று மட்டும்தான் கேட்டாள். அவர் கையிலிருந்த காகிதங்களை மடித்துப் பையில் வைத்தார். பிறகு நேரே தம்பி வீட்டுக்குப் போய்ச் சமாதானமாகிவிட்டார். அந்த வாரத்தில் அப்படி மூன்று வழக்குகள் வீட்டுக்குத் திரும்பின. மூன்றும் எச்சரித்துவிட்டுப் போன அதே வக்கீலுடையவை.

வக்கீல் சங்கத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. கூடவே ஏழு பத்திகளில் புகாரின் நகல். கணவர் அதை இரண்டு முறை படித்தார்.

"நல்ல வக்கீலா ஒருத்தரைப் பாப்போமா?"

"என் கேஸுக்கு நானே பேசலாம். அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்றாள் அக்கா. புகாரை ஒருமுறை புரட்டிவிட்டு மடித்து வைத்தாள்.

விசாரணை அறையில் மூன்று மூத்த வக்கீல்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் புகாரைக் கையில் எடுத்தார். இவ்வளவு கச்சிதமான புகாரைப் படித்துப் பல வருடமாகிறது, ஒரு வார்த்தை கூடவுமில்லை குறையவுமில்லை என்று பாராட்டினார். புகார் கொடுத்த வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களாம்மா? வக்கீலுக்கும் டைப் அடிக்கிறவங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதுல ஏதாவது குறை சொல்ல முடியுமா உங்களால?" என்றார் தலைவர்.

"ஒரு குறையும் இல்லீங்க" என்றாள் அக்கா, நிதானமாக.

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தீர்ப்பு எழுதப் பேனாவைத் திறந்த தலைவர், நாலாவது பத்தியில் ஒரு நுணுக்கமான வாதம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்குங்கள் என்று வக்கீலைக் கேட்டார். வக்கீல் பக்கத்தைப் புரட்டினார். திரும்பப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்ற தன் குமாஸ்தாவைப் பார்த்தார்.

குமாஸ்தா பணிவாக முன்னால் வந்தார்.

"எங்க ஐயா கையெழுத்து மட்டும்தாங்க போட்டாரு. வழக்கம்போல அக்காகிட்டதான் அடிக்கக் குடுத்தோம். எழுதினது அவங்க, அவங்களையே கேளுங்க."