பார்த்தவர்: ஒருவர்

ஹர்கோ எழுந்தான். படுக்கையை உதறினான். கூண்டுப் புறாவுக்குத் தினை போட்டான். காப்பித் தூளை நேரே கோப்பையில் கொட்டி வெந்நீர் ஊற்றினான். தூள் அடியில் தங்கும்வரை உட்கார்ந்து தன் கடவுச்சொல்லை மாற்றினான். நாலு வருடமாகக் காலை இப்படித்தான் விடிகிறது. மனைவி ரத்ரி இறந்தபின் அந்த வீட்டில் மாறுவது கடவுச்சொல் மட்டும்தான்.

இன்று கூடுதலாக ஒரு வேலை இருந்தது. நேற்று மாலை தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தன் கல்யாண அழைப்பை அனுப்பியிருந்தான். யார் யார் வாழ்த்தியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனை எடுத்தான்.

குழுவையே காணோம். அவனை நீக்கியிருந்தார்கள்.

தெருத் தலைவர் பாக் லெகோவோ வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் மரியாதைக்கு ஆணை 'பாக்' என்பார்கள், பெண்ணை 'இபு' என்பார்கள்; ஐயா, அம்மா மாதிரி.

"என்னை ஏன் குழுவுலேர்ந்து தூக்கினீங்க?"

"ஐயோ தம்பி, உனக்கு விஷயமே தெரியாதா? உன் போனைத் திருடனுங்க பிடிச்சிட்டானுங்க. உன் பேர்ல கல்யாண அழைப்பு அனுப்பறானுங்க. நீ சொல்லிக் குடுத்தபடியே உடனே எல்லாருக்கும் எச்சரிக்கை போட்டு, உன் நம்பரையும் தூக்கிட்டேன்."

"பாக், அது நான் அனுப்பினதுதான்."

"திருடனும் அப்படித்தான் சொல்லுவான்னு நீதானே சொன்னே?"

ஹர்கோதான் சொன்னான். சலாத்திகா நகராட்சி அலுவலகத்தில் அவன் கணினிப் பிரிவு. அந்த வருடம் ஜாவா முழுக்கப் போலிக் கல்யாண அழைப்புகள் பறந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு பாக் தர்மான் ஒன்றைத் திறந்தார். மணமக்கள் படம் வரும் என்று அவர் காத்திருந்த நேரத்தில், பெருநாள் ஆட்டுக்காக அவர் சேர்த்ததெல்லாம் வங்கியைவிட்டுப் போய்விட்டது.

அதன்பின் ஹர்கோ தெரு மண்டபத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு எடுத்தான். எதையும் திறக்காதே. யாரையும் நம்பாதே. உன் சொந்த விஷயத்தை எவனிடமும் சொல்லாதே. போன மாதம் ஒரு பரீட்சையும் வைத்தான். அவனே ஒரு போலி அழைப்பைச் செய்து அனுப்பினான். திறந்தவர்கள் பெயரை மண்டபத்து ஒலிபெருக்கியில் வாசித்து, அவர்களை மறுபடி வகுப்பில் உட்காரவைத்தான். முதல் பெயர் தர்மானின் மனைவி இபு சுலஸ்த்ரி. அந்த வாரம் முழுக்க அவள் காய்கறி வண்டிப் பக்கம் வரவில்லை. ஊர் நன்மைக்காகச் செய்தது. அதில் தவறு இருப்பதாக ஹர்கோவுக்குத் தோன்றவில்லை.

சொந்த விஷயத்தைச் சொல்லாதே என்ற பாடத்தை அவனே ஒழுங்காகக் கடைப்பிடித்ததால், வொனோசோபோ ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் வெனிங்கைப் பற்றித் தெருவில் யாரிடமும் அவன் மூச்சு விட்டதில்லை.

வீட்டுக்கு வந்து தர்மானுக்குப் போன் போட்டான்.

"குரல் அச்சு அசலா ஹர்கோ மாதிரியே இருக்கே!" என்றார் தர்மான். "கை தேர்ந்த திருடன்டா நீ."

"நான்தான் பாக். பக்கத்து வீடு. ஜன்னல் வழியா பாருங்க, கை ஆட்டறேன்."

ஜன்னல் திரை விலகியது. தர்மான் பார்த்தார். அவரும் கை ஆட்டினார். பிறகு போனில், "உருவத்தையும் போலியா செய்வாங்கன்னு வகுப்புல சொல்லியிருக்கான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் ஹர்கோ காகிதத்திலேயே அழைப்பு அச்சடித்தான். தட்டச்சு செய்த கை சும்மா இருக்குமா? போன் கேமராவைக் காட்டினால் வரைபடம் திறக்கும் கறுப்பு க்யூஆர் கட்டம் ஒன்றையும் மூலையில் சேர்த்துவிட்டான். இபு சுலஸ்த்ரி, தெம்பே என்ற சோயாக் கட்டியைப் பொரிக்கும் இடுக்கியால் அட்டையை வாங்கினாள்.

"கட்டம் போட்டிருக்கே. கட்டத்தைப் பாத்தா போனைக் கிட்டக் கொண்டுபோகாதேன்னு சொன்னது யாரு?"

"வழி காட்டற படம்தான் இபு அது."

"உன் வீட்டுக்கு எனக்கு எதுக்குப்பா வழி? என் சமையல்கட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கே? இதுலயே தெரியலையா, இது போலின்னு?"

அட்டை வாளித் தண்ணீருக்குள் போனது.

செவ்வாய்க்கிழமை வெனிங்கையே பஸ் ஏறி வரச் சொன்னான். அவளை லெகோவோவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

லெகோவோ கண்ணடித்தார். "ரெண்டாவது பரீட்சைதானே இது?"

"பரீட்சை இல்லைங்க," என்றாள் வெனிங். "நான்தான் பொண்ணு."

"நல்லா நடிக்கிறேம்மா. எந்த நாடகக் குழு?"

பஸ் நிறுத்தம்வரை வெனிங் சிரித்துக்கொண்டே வந்தாள். "உங்ககிட்ட படிச்சவங்க நல்லாத்தான் படிச்சிருக்காங்க. கொஞ்சம் விட்டா, நான் இருக்கேனான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்." பஸ் வந்ததும் சிரிப்பு நின்றது. "மாப்பிள்ளைக்குப் பெத்தவங்க இல்ல, ஆனா ஒரு தெருவே இருக்குன்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பஸ் நிறைய சொந்தம் வருது. எங்களைக் காலி நாற்காலிக்கு முன்னாடி இறக்கி விட்டுடாதீங்க."

ஹர்கோ தலையாட்டினான். தன் கல்யாண அழைப்பைப் போனில் செய்தது அவனே என்பதால், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை அவன் போனில் பார்க்கலாம். தினமும் பார்த்தான். தினமும் ஒரே வரிதான்.

பார்த்தவர்: ஒருவர்.

அவன் பார்ப்பது கணக்கில் சேராது. வெனிங்குக்கு அனுப்பவில்லை. யாரோ ஒரு புண்ணியவான்.

வெள்ளிக்கிழமை வொனோசோபோவில் நிக்காஹ் சுருக்கமாக முடிந்தது. ஞாயிறு விருந்துதான் மாப்பிள்ளை வீட்டு மானம். அந்தத் தெருவில் விருந்துக்குச் சமையல்காரர் வைக்கும் வழக்கம் கிடையாது. முந்தைய நாள் பெண்களெல்லாம் அவரவர் கத்தியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூப்பிடவும் வேண்டாம், போகச் சொன்னாலும் போகமாட்டார்கள். ரத்ரியின் நாற்பதாம் நாளுக்கும் அப்படித்தான் வந்தார்கள்.

சனிக்கிழமை ஹர்கோ கோழியும் தேங்காயும் அரிசியும் வாங்கிவைத்து வாசலில் பாய் விரித்தான். ஒரு கத்தியும் வரவில்லை. எல்லார் வீட்டிலிருந்தும் தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை மட்டும் வந்தது. அவரவர் வீட்டில் அவரவர் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அவனே அடுப்பை மூட்டினான். முதல் கோழி கருகியது. இரண்டாவது வேகவில்லை. மூன்றாவதைப் புறா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஞாயிறு காலை பந்தலில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. முனையில் இரண்டு பஸ்களும் திரும்பின. வெனிங்கின் அம்மா இறங்கினாள். நாற்காலிகளைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தாள்.

"உங்க தெரு எங்க தம்பி?"

ஹர்கோ வாயைத் திறந்தான். அதற்குள், திருடன் வந்தால் மட்டும் தட்டும் மூங்கில் குழல் மண்டபத்தில் 'டொக் டொக் டொக்' என்று அலறியது. ஒலிபெருக்கியில் லெகோவோவின் குரல்.

"திருடன்! திருடன்! அழைப்புல போட்டிருந்த நேரம் ஆயிருச்சு! எல்லாரும் வெளிய வாங்க!"

எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. ஆண்கள் பட்டு பாத்திக் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக வந்தார்கள். பெண்கள் கொண்டையில் மல்லிகை வைத்திருந்தார்கள். இரண்டு பேர் தூக்கிய குண்டானில் கோழிக் குழம்பு. பின்னால் கூடை கூடையாக அப்பளம், வாழையிலையில் பொதிந்த பலகாரம். தர்மான் மார்போடு அணைத்து வந்த பெட்டியில் ரிப்பன் கட்டியிருந்தது.

லெகோவோ குனிந்து வணங்கினார். "மன்னிக்கணும் சம்பந்தியம்மா. போலி அழைப்பு அனுப்பின திருடனைப் பிடிக்க வந்தோம். எவ்வளவு நேரம் ஆகுமோன்னு கையோட கொஞ்சம் சாப்பாடு."

"பட்டுச் சட்டை போட்டுக்கிட்டா பாக்?" என்றான் ஹர்கோ.

"வெளியூர்த் திருடன். அவன் முன்னாடி நம்ம தெரு கேவலமா நிக்கலாமா?"

நாற்காலி போதவில்லை. பாய் விரித்தார்கள். பாயும் போதவில்லை. வெனிங்கின் அம்மா இரண்டாம் முறை குழம்பு கேட்டாள். ஹர்கோ சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். மிளகாய் என்று சொல்லிக்கொண்டான். பக்கத்தில் வெனிங் தண்ணீர்க் குவளையை நீட்டி, "அழறதும் நடிப்புதானே?" என்றாள்.

இபு சுலஸ்த்ரி பரிமாறிக்கொண்டே வந்தாள். ஹர்கோ அவளை நிறுத்தினான்.

"இபு, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தெருவுல யாருமே அழைப்பைத் திறக்கல. ஒரே ஒருத்தர் மட்டும் திறந்திருக்காங்க. அது யாருன்னு தெரியுமா? அவங்களுக்கு நான் நன்றி சொல்லணும்."

அவள் மண்டபத்து ஒலிபெருக்கியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "பேரை வாசிக்க மாட்டியே?"

"சத்தியமா மாட்டேன். இனி யார் பேரையும் வாசிக்க மாட்டேன்."

அவள் இன்னொரு கரண்டி குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள்.

"அது எங்க வீட்டுக்காரர் போன் தம்பி, திருட்டுப் போக இனிமே அதுல ஒண்ணுமில்லைன்னு, நீ அனுப்பின சாயங்காலமே தெரு மொத்தமும் அதைச் சுத்தி நின்னு உன் கல்யாணப் பொண்ணு படத்தைப் பாத்துட்டோம்."