"யார் பார்த்தா" அங்கிளும் என் மகனின் கேஸும்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். கிள்ளான் முழுக்கத் தேடினாலும் "யார் பார்த்தா" அங்கிளைப் போல இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார்.

எதைச் சொன்னாலும் அவர் கேட்பது அந்த ஒரு கேள்விதான். பாசாரில் மீன்காரர், "இன்னிக்குப் புடிச்சது அங்கிள்" என்றால், "யார் பார்த்தா?" கல்யாண வீட்டில், "மாப்பிள்ளைக்குக் குடிப் பழக்கம் இல்ல" என்றால், பந்தியில் உட்கார்ந்தபடியே, "யார் பார்த்தா?" அதற்குப் பிறகு யாரும் அவருக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அவர் பத்திரிகை இல்லாமலே வந்தார்.

பழைய லோரி டிரைவர். வீட்டில் ஏர்கோன் இல்லையென்று தினமும் கோர்ட்டுக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருவார். அந்தக் கேள்வி அங்கே ஒட்டிக்கொண்ட வியாதி என்று என் தோசைக் கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், என் மகன் மோட்டார் சைக்கிள் திருடினான் என்று கேஸ் வரும்வரை.

வக்கீல் கிடைக்கவில்லை. கார் பார்க்கில் காவலுக்கு நிற்கும் ஜாகா நேரில் பார்த்ததாகச் சாட்சி. அன்றைக்கு அவன் காய்ச்சலில் வீட்டில் கிடந்தான். பெற்றவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

"சாட்சி பேசி முடிச்சதும், கேள்வி இருக்கான்னு மாஜிஸ்திரேட் கேப்பாரு தம்பி," என்றார் அங்கிள். "நம்மாளுங்க கையக் கட்டிக்கிட்டு 'இல்ல துவான்'னு சொல்லிட்டு உள்ள போயிடறாங்க. மரியாதையாம்."

"வயசானவர எதுத்து எப்படி அங்கிள் கேக்கறது?" மகன் என்னைப் போலவே கூச்சக்காரன்.

"எதுக்க வேணாம் லா. அண்ணேன்னு கூப்பிட்டே கேளு. கேக்கறது உன் உரிமை."

கடையிலேயே ஒத்திகை நடந்தது. அங்கிள்தான் சாட்சி. தோசைக்கல் பக்கம் நின்று, "நான் பார்த்தேன்" என்று முறைப்பார். மகன் திக்கித் திணறி, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அங்கிள்" என்று குற்றத்தையே ஒப்புக்கொண்டுவிட்டான். அங்கிள் இரண்டு தோசையைக் கோபத்திலேயே தின்றார்.

கோர்ட்டில், ஜாகா கூண்டில் ஏறியதுமே அங்கிள் பின் பெஞ்சிலிருந்து இருமி இருமிச் சாடை காட்டினார். போலீஸ்காரர் அவரை வெளியே கொண்டுபோய் விட்டார். ஜாகா சொல்லி முடித்தார். கேள்வி உண்டா என்றார் மாஜிஸ்திரேட். மகன் தலை 'இல்லை' என்று ஆடத் தொடங்கியது. பிறகு எப்படியோ வாயைத் திறந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. திருடுனவன் ஹெல்மெட் போட்டிருந்தான்னீங்க. கண்ணாடி எறக்கியிருந்துச்சா?"

"ஆமா, மழ பேஞ்சுச்சில்ல."

"கருப்புக் கண்ணாடியா அண்ணே?"

"கருப்புதான்."

"மன்னிச்சுக்கங்க அண்ணே. அப்ப மூஞ்சிய எப்படிப் பார்த்தீங்க?"

ஜாகா கூரையைப் பார்த்தார். "ஒசரம் இந்தத் தம்பி மாதிரி இருந்துச்சு," என்றார்.

வெளியே வெயிலில் அங்கிள் நின்றிருந்தார். "கேட்டானா?"

"கேட்டுட்டான் அங்கிள்," என்றேன்.

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த தவணையில் மகனை விடுதலை செய்தார்கள்.

இப்போது அவர் செமினியில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அந்தப் பக்கம் யாராவது பார்த்தால், நான் எழுதியதெல்லாம் சரிதானா என்று கேட்டுத் திருத்திவிடுங்கள். அப்படியே, என் மகன் தினமும் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுகிறான் என்றும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.