கிளச் அண்ணை கனடாவில் பனி தள்ளிய கதை

கனடாவுக்குப் போகாமலே, பனியை நேரில் காணாமலே, கனடாவில் பனி தள்ளிய ஒரே மனிதர் எங்கள் உருத்திரபுரத்துக் கிளச் அண்ணைதான். இல்லையென்று சொல்ல ஆள் இருந்தால் வரட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்று பள்ளிக்கூடத்துக்கே நிம்மதி கொடுத்தவன் நான், எனக்கு விவாதம் பண்ணத் தெரியாது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். பின்னால் நடந்தபடி கைப்பிடியால் ஓட்டும் இரண்டு சில்லு உழவு மெசின் வைத்திருந்தார். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் இருந்த ஒரே மருந்து கிளச். ஒரு கலியாண வீட்டில் தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியது. மேளச் சத்தத்தையும் மீறி இவருடைய குரல் வந்தது.

"பதறாத தம்பி, கிளச்சை மெதுவா விடு!"

இவருடைய மகள் மதி கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் குடியேறினாள். வாசலில் கொட்டும் பனியைத் தள்ள ஒரு மெசின் வாங்கவேண்டும். சின்னது போதும் என்றார் மருமகன். கிளச் அண்ணை போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வயலை மேய்ந்து முடித்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், ரெண்டு ஸ்டேஜ் மெசின்தான் சரி."

"ஏனண்ணை, ஒரு ஸ்டேஜில பாட்டு, மற்றதில கூத்தோ?"

"உனக்குப் படிப்பிச்ச வாத்தியாரை நினைச்சால் பாவமாக் கிடக்கு. ஒரு ஸ்டேஜ் எண்டால், முன்னுக்குச் சுத்துற திருகே நிலத்தைச் சுரண்டி எறியும். பிள்ளையின்ர வாசல் கிறவல் கல்லுப் போட்டது. கல்லுப் பறந்து அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைக்கும். ரெண்டு ஸ்டேஜ் எண்டால் திருகை நிலத்தில முட்டாமல் உயர்த்தி வைக்கலாம். திருகு பனியை உள்ளுக்கு இழுக்கும், பின்னால நிக்கிற விசிறி குழாயால தூக்கி எறியும். சூடடிக்கிற மெசின் வைக்கல் துப்புமெல்லே? அதேதான்."

மகள் அப்பா பேச்சைத்தான் கேட்டாள். மெசின் வந்துவிட்டது என்று தெரிந்ததும் இவர் இங்கே ஒத்திகை வைத்தார். அரிசி ஆலைக்குப் பின்னால் மலைபோலக் கிடந்த உமிக்குள் தன்னுடைய மெசினை விட்டார். எனக்கும் ஒரு வேடம் தந்தார். நான்தான் கார்.

"கார் அசையக்கூடாது," என்றார். அசையவில்லை. தலை முதல் கால் வரை உமியோடு வீட்டுக்குப் போனபோது என் மனைவி ஜன்னலால் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காமல் "ஆரது?" என்றாள். நாய்க்கும் அதே சந்தேகம்.

ஒருநாள் பின்னேரம் நானும் அண்ணையும் திண்ணையில் இருந்தபோது மதி அழாக்குறையாக வீடியோவில் போன் எடுத்தாள். அங்கே விடிகாலை. வயோதிபர் இல்லமொன்றில் அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்நாள் வேலை. புருஷன் இரவு வேலையால் இன்னும் வரவில்லை. வாசலில் கார் பனிக்குள் புதைந்து கிடந்தது.

"முதல்நாளே பிந்திப்போனால் என்னை வைச்சிருக்க மாட்டினம் அப்பா."

"நான் இருக்கிறனெல்லே பிள்ளை. போனை ஜன்னலில சாத்தி வை. காதில வயரைப் போடு. ரெண்டு கைப்பிடியிலயும் ரெண்டு லீவர் கிடக்கும். பிடிச்சால் ஓடும், விட்டால் நிக்கும். எங்கட மெசினுக்கு நேர் எதிர், மறந்திடாத."

மறந்தது அவர்தான்.

மெசின் நன்றாகத்தான் போனது. வெள்ளை வெள்ளையாகப் பனி பறந்தது. நான் கைதட்டினேன். திருப்பும்போதுதான் சனியன் பிடித்தது. மூக்கை நேரே காருக்குக் காட்டிக்கொண்டு மெசின் நகர்ந்தது.

"அப்பா, காருக்குப் போகுது!"

கிளச் அண்ணைக்கு வீடியோவில் படித்ததெல்லாம் பறந்துபோனது. இரண்டு சில்லு மெசின் மட்டும்தான் மண்டைக்குள் நின்றது.

"கிளச்சைப் பிடி பிள்ளை! இறுக்கிப் பிடி!"

அவள் பிடித்தாள். மெசின் இன்னும் உற்சாகமாகப் போனது.

"இப்பிடிப் பிடி! இப்பிடி!" என்று செய்து காட்ட அவருக்கு இரண்டு கைப்பிடி தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்தது என்னுடைய இரண்டு காது.

"ஐயோ அண்ணை, விடுங்கோ! விடுங்கோ!"

மெசின் நின்றது. காருக்கும் திருகுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

"சித்தப்பா சொன்னதுதான் சரி, விட்டவுடன நிண்டிட்டுது!" என்றாள் மதி.

அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கெப்பிடியடா தெரிஞ்சது?"

"எனக்கு என்ர காது வேணும் அண்ணை, வேற ஒண்டும் தெரியாது."

பிறகு குழாய் அடைத்தது. "குழாய்க்குள்ள கையை வைச்சிடாத! எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத் தடியால குத்து!" என்று கத்தினார். அது சரியான புத்தி. றோட்டைத் துப்புரவாக்கும் வாகனம் வாசலில் குவித்துவிட்டுப்போன கட்டிப் பனியையும் மெசின் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கார் வெளியே வந்தது. மதி கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கிளச் அண்ணை அணைந்துபோன போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்குக் கை விறைச்சிருக்குமடா," என்றார். போனைத் துடைத்து மடியில் வைத்தபடி, "நீ போவன், உனக்கு வேலை இல்லையோ?"

"கிடக்கு அண்ணை, போறன்," என்றேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை. நுளம்பு வந்து கடித்துக் குதறியபோதும் எழும்பவில்லை.

வியர்வை வடியும் அந்தப் பின்னேரத்தில் அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் உரசிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். மகள் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வரும்வரைக்கும் உரசிக்கொண்டேயிருந்தார்.