என்னைப் பற்றி மாமன் சொன்னது

அன்று டீக்கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் ஆரோக்கியசாமி. பால் ஊற்ற வந்த காசி. என் தாய்மாமன் கலியபெருமாள். பேண்ட் சட்டை போட்ட வெளியூர்க்காரர் ஒருவர். நான் இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம், பிரம்மதேசம். வருடம் தொண்ணூற்று மூன்று. ராணுவக் கிடங்கு ஒன்றில் எனக்கு மூட்டை தூக்கும் வேலை வந்திருந்தது. எட்டாவது ஃபெயிலுக்கு (ஒரு தடவை அல்ல) மத்திய அரசு வேலை. போலீஸ் விசாரித்து 'ஆள் நல்லவன்' என்று எழுதினால்தான் உள்ளே விடுவார்கள். இல்லையென்றால் செங்கல் சூளை. அம்மா சூளைக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

வந்தவர் மப்டி போலீஸ். அதை அவர் சொல்லவில்லை. "ஏழுமலைன்னு ஒரு பையன், எப்படிங்க?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பக்கம் வெளியூர்க்காரர் டீ குடித்துக்கொண்டே ஒரு பையனைப் பற்றி விசாரித்தால் ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டார். அரசாங்க வேலை என்றதும் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள் என்று மாமன் முடிவு செய்தார். அவருக்கு அஞ்சலை என்று ஒரு மகள். என்னை அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். (எங்கள் இருவருக்கும் சொல்லவில்லை.)

"அவனா? காலைலயே குடிப்பான் சார்," என்றார் மாமன்.

"அப்படியா?"

"சீட்டாட்டம் வேற. பேச்சு முத்துனா கத்திய எடுத்துடுவான். கெணத்துக்கு வெடி வெக்கிற பசங்களோட சுத்திக்கினு இருக்கான். வெடியெல்லாம் வூட்டுலதான் வெச்சிருக்கான்னு பேச்சு."

நான் போகவிருந்தது வெடிமருந்துக் கிடங்கு.

வெளியூர்க்காரர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். வரனை ஓட்டிவிட்ட சந்தோஷத்தில் மாமன் காசிக்கும் ஒரு டீ சொன்னார்.

அந்த வாரமே ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அம்மாவும் வந்தாள். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

"கத்தி எத்தனை வெச்சிருக்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணு சார். அம்மாவுது. வெங்காயம் நறுக்கறது."

"வெடி?"

"வெடி வெக்கறத ஒரு தடவ வேடிக்கை பாத்தேன் சார். தூரத்துல நின்னு."

ரைட்டர் அதை எழுதினார். யாரும் கேட்காமலேயே ஒரு பொங்கலுக்குக் கள் குடித்ததையும் சொன்னேன். அதையும் எழுதினார்.

மப்டிக்காரர் அங்கேதான் இருந்தார். "சொன்னவரு பச்சைத் துண்டு போட்டிருந்தாரு," என்றார்.

"அது எந்தம்பி சார்," என்று அம்மா எழுந்தாள். ஊருக்குப் போய் மாமனோடு திரும்பி வந்தாள். துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான்.

மாமன் மப்டிக்காரரைப் பார்த்தார். "நீங்க பொண்ணு வூடு இல்லீங்களா சார்?"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "பொய் சொன்னதுக்குக் காரணத்த எழுதிக் குடுய்யா."

ரைட்டர் எழுத, மாமன் கைநாட்டு வைத்தார். 'என் மகள் அஞ்சலையை இவனுக்குக் கட்டிக்கொடுக்கும் எண்ணத்தில் அவ்வாறு கூறினேன்.'

"இன்னாடா, கட்டிக்கிறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாட்டேன் என்றால் வாக்குமூலம் பொய்யாகிவிடும், வேலை போய்விடும் என்று பயந்து தலையாட்டினேன். அஞ்சலையை யாரும் கேட்கவில்லை. அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

வேலை கிடைத்தது. தையில் கல்யாணம். சில வருடங்களுக்கு ஒரு முறை கிடங்குக்குள் நுழையும் கேட் பாஸைப் புதுப்பிப்பார்கள், மறுபடி விசாரணை வரும். இதை எந்த வேளையில் அவளிடம் சொன்னேனோ. குழம்பில் உப்பு இல்லை என்று வாய் திறந்தால் போதும்.

"இரு. மப்டி வரட்டும். நானே வாசல்ல நின்னு சொல்றேன்."

தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். ரிடையர் ஆன பிறகும் சொல்கிறாள். பிள்ளைகளும் சொல்கிறார்கள். பழக்கதோஷத்தில் நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

கடைசி வரை என் பாஸ் ரத்தாகவில்லை. அத்தனை வருடத்தில் வீட்டில் நான் ஜெயித்த சண்டை, இரண்டே இரண்டு.