வட்டிலப்பமும் ஆறு சாட்சிகளும்

"மாமா, கெமரா கீழ விழுந்தா உள்ள இருக்கிறவங்களுக்கு நோகாதா?"

பதினெட்டு வருடங்களுக்கு முன் நாவுலயில் ஒரு கல்யாண வீட்டில் ஆறு வயது நஸ்மியா கேட்ட கேள்வி இது. கெமரா அப்போது தரையில் கிடந்தது. அது மாத்தளை ஸ்டூடியோ முதலாளியுடையது. "யார் தள்ளினது?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான்" என்று நஸ்மியா முன்னால் வந்து நின்றாள்.

வாப்பா அப்துல் ஸமத் அவள் காதை முறுக்கினார். ஒரு பிள்ளையை மேற்கொண்டு என்ன சொல்வது என்று முதலாளி அடங்கிப்போனார். அவருடைய உதவியாளாக வந்திருந்த இருபது வயது றஹீம் பேசாமல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எங்கே கெமரா வெளியே வந்தாலும், "நஸ்மியாவப் பிடிச்சுக்கங்க" என்று யாராவது சொல்லாமல் இருந்ததில்லை.

இப்போது நஸ்மியாவுக்கே கல்யாணம். றஹீமுக்கும் சொந்தமாக ஒரு கெமரா இருந்தது. அதே நாவுல வீட்டில் அதுவும் விழுந்தது.

ஆண்கள் பக்கத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சஹனுக்கு ஆறு பேர். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைக்கிறார்கள். பெண்கள் பக்கத்தை ஒரு துணித் திரை மறைத்திருந்தது. றஹீம் அந்தத் திரைக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். ஒரு கையில் கெமரா. மறு கையில் சமையல்காரர் வற்புறுத்தித் திணித்த வட்டிலப்ப இனிப்புக் கோப்பை. மாப்பிள்ளை முதல் கவளத்தை எடுக்கும் நேரம் பார்த்து பட்டனில் விரலை வைத்தார். பின்னாலிருந்து முழங்கையில் ஏதோ இடித்தது.

கெமரா சீமெந்துத் தரையில் மோதி, உருண்டு, கை கழுவிய தண்ணீர்ச் சட்டிக்குள் போய் விழுந்தது. றஹீம் திரும்பிப் பார்த்தார். திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வட்டிலப்பம் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"அரிசிக்குள்ள போடுங்க. தண்ணிய இழுத்திரும்" என்றார் அப்துல் ஸமதோடு ஒரே சஹனில் உட்கார்ந்திருந்த பதுர்தீன்.

சமையற்கட்டிலிருந்து அரிசி மூட்டை வந்தது. கெமரா ஓர் இரவு முழுக்க அதற்குள் கிடந்தது. காலையில் தண்ணீர் வற்றியிருந்தது. லென்ஸைத் திருப்பினால் கறகறவென்று சத்தம் வந்தது.

மாத்தளையில் கெமரா திருத்தும் ஷெல்டன் அதைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"நானா, கெமரா கொண்டு வந்தீங்களா, கிலுகிலுப்பை கொண்டு வந்தீங்களா?"

"திருத்தலாமா?"

"திருத்தலாம். புதுசு வாங்கிற மாதிரி காசு முடியும். இன்சூரன்ஸ் இருக்குத்தானே?"

இருந்தது. படிவமும் வந்தது. அதில் 'சம்பவத்தைக் கண்ட சாட்சி' என்று ஒரு வரி. ஒரே ஒரு வரிதான். றஹீம் அப்துல் ஸமதுக்குப் போன் எடுத்தார். கெமரா விழுந்த இடத்துக்குப் பக்கத்துச் சஹனில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

"ஹாஜியார், நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்காம? நாங்க ஆறு பேரும் வாறோம்."

"ஒருத்தர் போதும்."

"ஒரு சஹன்ல கை வச்ச ஆறு பேர்ல ஒருத்தர் மட்டும் உதவி செஞ்சா, மத்த அஞ்சு பேருக்கும் என்ன மரியாதை றஹீம்?"

மறுநாள் றஹீமின் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆறு பேரும் இறங்கினார்கள். ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு வந்திருந்தார்கள். அவ்வளவு அன்போடு வந்தவர்களுக்குப் பேனாவும் ஒரு வெள்ளைத் தாளும் கொடுக்காமல் இருக்க றஹீமுக்கு மனம் வரவில்லை.

மின்விசிறிக் காற்றுதான் காரணம் என்று அப்துல் ஸமத் எழுதினார். பூனை என்று பதுர்தீன் எழுதினார். பூனையின் நிறத்தையும் சேர்த்துக்கொண்டார். மூன்றாமவர் சமையல்காரரின் அகப்பை என்றார். நான்காமவருக்குத் தரை வழுக்கியது. ஐந்தாமவர் கண்ணூறு என்று எழுதி அடிக்கோடும் போட்டார். ஆறாமவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால், 'மேலே உள்ளவர்கள் சொன்ன அனைத்தும் உண்மை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"உண்மையாத்தான் பார்த்தீங்களா?" என்று றஹீம் தயங்கினார்.

"பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன? விழுந்தது உண்மைதானே" என்றார் பதுர்தீன்.

ஒரு வாரம் கழித்து இன்சூரன்ஸிலிருந்து ராஜநாயகம் ஷெல்டனின் கடைக்கு வந்தார். சாட்சியங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஆறாவதை இரண்டு முறை வாசித்தார்.

"மிஸ்டர் றஹீம், இவங்க ஆறு பேரும் ஒரே தட்டுலதான் சாப்பிட்டிருக்காங்க. ஆனா ஆறு கெமரா விழுந்திருக்கு."

றஹீம் தலையைக் குனிந்துகொண்டார். ராஜநாயகம் கெமராவைக் கவிழ்த்தார். மேசையில் ஓர் அரிசி விழுந்தது.

"இதுக்கு மட்டும் ஒருத்தரும் சாட்சி சொல்லல்லியே."

"மன்னிச்சிருங்க ஐயா. எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்க. பின்னால இருந்து யாரோ இடிச்சாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப தேடுங்க. ஆளோட பேர் தந்தா உங்களுக்கு முழுசும் கிடைக்கும். நாங்க அவங்க வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டு விசாரிப்போம். பேர் இல்லாட்டி கவனக்குறைவு. பாதிதான்."

பாதியில் இந்தக் கெமரா உயிர் பெறாது. கல்யாணக் காலம் தொடங்கிவிட்டது. கெமரா இல்லாவிட்டால் நாற்பதை நெருங்கும் வயதில் றஹீம் மறுபடியும் யாரோ ஒரு முதலாளியின் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

ராஜநாயகம் போன பிறகு ஷெல்டன் திடீரென்று கேட்டார்: "நானா, விழுறப்போ விரல் எங்க இருந்திச்சு?"

"பட்டன்லதான்."

"அப்ப கெமராவே பார்த்திருக்குமே."

கார்டை எடுத்து நன்றாகத் துடைத்துக் கணினியில் செருகினார். படங்கள் வரிசையாகத் திறக்கத் தொடங்கின. நானூற்றுக்கும் மேல் இருந்தன. ஒருவருக்கும் நோகவில்லை.

"மெதுவாத்தான் வரும். நான் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாறேன்" என்று ஷெல்டன் எழுந்து போனார்.

றஹீம் தனியே உட்கார்ந்து பார்த்தார். கடைசிப் படம் திறந்தது.

சரிந்த தரை. ஓரத்தில் வட்டிலப்பக் கோப்பையோடு அவருடைய கை. நடுவில் திரையின் இடைவெளி. அதற்குள்ளிருந்து நீட்டிய ஒரு முழங்கை, மருதோண்டி, வளையல்கள். அதற்கு மேலே மாப்பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறார் என்று எட்டிப் பார்க்கும் ஆவலில் விரிந்த இரண்டு கண்கள்.

மணப்பெண் நஸ்மியா.

அந்த நானூறிலும் அதுதான் சிறந்த படம். அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை றஹீம் தன் தொழிலில் எடுத்ததில்லை. இதையும் அவராக எடுக்கவில்லை.

நஸ்மியா இப்போது கலேவெலயில் மாமியார் வீட்டில் இருந்தாள். கல்யாணமாகி இன்னும் ஒரு மாதமும் ஆகவில்லை. கடிதம் அந்த வீட்டுக்குத்தான் போகும். மாமியார்தான் பிரிப்பார்.

றஹீம் கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு ராஜநாயகத்துக்குப் போன் எடுத்தார்.

"ஐயா, கார்டு வேலை செய்யுது. கடைசிப் படத்துல ஆள் இருக்காங்க."

"நல்லதாப் போச்சு. பேர் சொல்லுங்க."

"பேர் தர மாட்டேன் ஐயா."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அப்ப பாதிதான் கிடைக்கும், விளங்குதா?"

"விளங்குது. இன்னொன்னையும் எழுதிக்கங்க. என் மறு கையில வட்டிலப்பம் இருந்திச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா விழுந்திருக்காது."

"வட்டிலப்பம்" என்று ராஜநாயகம் நிதானமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது கேட்டது. "இந்த ஃபைல்ல இது ஒன்னைத்தான் நான் நம்புறேன்."

ஷெல்டனிடம் ஒரு பழைய கெமரா இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு அதைக் கேட்டால் தருவார். அதற்குப் பிறகு அல்லாஹ் இருக்கிறான்.

றஹீம் வாசலைப் பார்த்தார். தெருவில் ஷெல்டன் இன்னும் தென்படவில்லை. அந்தப் படத்தைக் கடைசியாக ஒரு முறை பார்த்துச் சிரித்துவிட்டு, அழிக்கும் பட்டனில் விரலை வைத்தார். திரையிலிருந்த கண்களிடம் மெதுவாகச் சொன்னார்:

"இந்தத் தடவைதான் மகள் நீ தட்டியிருக்க. அன்னைக்குக் கைநழுவ விட்டது நான்தான்."